கருக்காக்குறிச்சியில் வெட்டுப்பட்ட சீசர்கள்

1898ஆம் ஆண்டு. புதுக்கோட்டை சமஸ்தானம், ஆலங்குடி தாலுகா, கருக்காக்குறிச்சி கிராமம். அங்கே மண்ணுக்கடியிலிருந்து ஒரு புதையல் வெளியே வந்தது. மொத்தம் 501 காசுகள். எல்லாமே தங்கம், எல்லாமே ரோமாபுரிக் காசுகள்!

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் காசுப் பிரிவில் வேலை பார்த்த ஜி. எஃப். ஹில் என்பவர் இவற்றை ஆராய்ந்து, அதே ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பாசியன் காலம் வரை, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டின் பெரும்பகுதியை இந்தக் காசுகள் தொட்டு நின்றன. வெஸ்பாசியன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. ஆகவே புதையல் மண்ணுக்குள் போனது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் ரோமானியக் காசு கிடைப்பது புதிய விஷயம் இல்லை. ஆனால் கருக்காக்குறிச்சிக் காசுகளில் ஒரு விசித்திரம் இருந்தது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் மேல் ஓர் ஆழமான வெட்டு. உளி போன்ற கூர்மையான கருவியை முகத்தில் வைத்து ஓங்கி ஒரே ஒரு அடி. கன்னத்தையும் காதையும் பிளந்துகொண்டு போகிறது அந்தக் கோடு. காசின் மறுபக்கத்தை யாரும் வெட்டவில்லை. வெட்டெல்லாம் முகத்தில்தான்.

யார் வெட்டினார்கள்? எதற்காக? இரண்டாயிரம் வருடத்துக்கு முன் புதுக்கோட்டைப் பக்கத்தில் இருந்த ஒருவருக்கு ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் மேல் என்ன கோபம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும் என்றால், முதலில் அந்த முகம் காசுக்குள் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

காசுக்குள் முகம் வந்த கதை

ரோமானியரின் முக்கியமான வெள்ளிக்காசின் பெயர் டினாரியஸ். கி.மு. 211 வாக்கில் இதை அச்சடிக்கத் தொடங்கினார்கள். எடை ஏறக்குறைய 4 கிராம். அரபு நாடுகளில் இன்றும் புழங்கும் 'தினார்' என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான். குப்தர் காலக் கல்வெட்டுகளில் தங்கக்காசைக் குறிக்கும் 'தீனாரம்' என்ற சொல்லும் அப்படியே. தங்கக்காசின் பெயர் ஔரியஸ். 25 டினாரியஸ் கொடுத்தால் ஓர் ஔரியஸ்.

ஆரம்பத்தில் இந்த வெள்ளிக்காசுகளில் மனிதர் முகமே கிடையாது. ரோமா என்ற தேவதையின் தலை, குதிரைகள், தேர், தெய்வங்கள்... இவைதான். பிறகு காசு அச்சடிக்கும் அதிகாரிகள் தங்கள் முன்னோரின் உருவத்தைப் போட ஆரம்பித்தார்கள். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தைப் போடுவதில்லை. ரோம் அப்போது குடியரசு. உயிரோடு இருப்பவர் முகம் காசில் வந்தால் அவர் ராஜா ஆகிவிட்டார் என்று அர்த்தம். 'ராஜா' என்ற சொல்லே ரோமானியருக்குப் பிடிக்காத சொல்.

கி.மு. 44இல் அந்த வழக்கம் உடைந்தது. ஜூலியஸ் சீசரின் முகம், அவர் உயிரோடு இருக்கும்போதே, ரோமின் வெள்ளிக்காசில் வந்தது. அதே ஆண்டு மார்ச் 15ஆம் தேதி சீசர் கொல்லப்பட்டார். காசு மட்டுமே கொலைக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சீசர் ராஜாவாகப் பார்க்கிறார் என்று பயந்தவர்களுக்கு அந்தக் காசும் ஒரு சாட்சி.

இதில் வேடிக்கை என்னவென்றால், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தன் படைக்காக அச்சடித்த காசில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார்! மறுபக்கத்தில் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. 'ராஜா வேண்டாம்' என்று சொன்ன காசிலும் ஒரு முகம் தேவைப்பட்டது.

சீசரின் வாரிசான அகஸ்டஸ் கி.மு. 27இல் அந்தப் பட்டத்தைப் பெற்று, கி.பி. 14 வரை ஆண்டார். அவர் காலத்தில் முகம் காசின் நிரந்தரச் சொத்தாகிவிட்டது. செய்தித்தாள், டிவி எதுவும் இல்லாத காலம். ரோமின் எல்லையில் இருக்கும் ஒரு சிப்பாய்க்கோ எகிப்தில் இருக்கும் ஒரு வியாபாரிக்கோ ஆள்பவர் யார் என்று சொல்ல வேண்டும். அந்த வேலையைக் காசு செய்தது. சம்பளம் கைக்கு வரும்போதெல்லாம் சக்கரவர்த்தியின் முகமும் வந்தது. ஒரு சாதாரணச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 225 டினாரியஸ். தங்கமாகச் சொன்னால் 9 ஔரியஸ். அந்தக் கணக்கில் பார்த்தால் கருக்காக்குறிச்சிப் புதையல் ஒரு ரோமானியச் சிப்பாயின் 55 வருடச் சம்பளத்துக்கும் மேல்!

முகம் வெறும் அலங்காரமாகவும் இருக்கவில்லை. திபேரியஸ் சக்கரவர்த்தி காலத்தைப் பற்றி சுவெட்டோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு செய்தி சொல்கிறார். அகஸ்டஸின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிவறைக்கோ விலைமாதர் வீட்டுக்கோ கொண்டுபோனால் அதுவே மரண தண்டனைக்குரிய குற்றமாக எடுத்துக்கொள்ளப்பட்டதாம். காசை மரியாதை இல்லாமல் பையில் வைத்திருந்தாலே இந்தக் கதி. அதே முகத்தில் உளியை வைத்து அடித்தால்? ரோமில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கருக்காக்குறிச்சிக்காரரோ நூற்றுக்கணக்கில் வெட்டுப்பட்ட காசுகளைச் சேர்த்து வைத்திருந்தார்.

தமிழகத்துக்கு வந்த இரண்டு வெள்ளிக்காசுகள்

புதுக்கோட்டையில் கிடைத்தது தங்கம். ஆனால் தமிழ்நாட்டில், குறிப்பாகக் கொங்கு நாட்டில், ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1840களின் தொடக்கத்தில் கிடைத்த ஒரு புதையலில் மட்டும் 500க்கும் மேற்பட்ட டினாரியஸ்கள் இருந்தன. பொள்ளாச்சி, கரூர், உடுமலைப்பேட்டைப் பக்கம் எல்லாம் கிடைத்திருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்கும் கிழக்குக்கும் போன பாதை இது.

இந்த வெள்ளிக்காசுகளை எடுத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம். ரோமில் நூற்றுக்கணக்கான வகைக் காசுகள் புழங்கின. ஆனால் இங்கே வந்தவற்றில் மிகப் பெரும்பான்மை இரண்டே இரண்டு வகைதான்.

முதல் வகை அகஸ்டஸ் காசு. முன்பக்கம் அவருடைய தலை. பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். இருவருக்கும் நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். மேலே பூசாரிகள் பயன்படுத்தும் கரண்டியும் வளைந்த கோலும். அந்த இருவர் காயுஸ், லூசியுஸ். அகஸ்டஸின் மகள் ஜூலியாவின் பிள்ளைகள். தாத்தா அவர்களைத் தத்தெடுத்து வாரிசாக வளர்த்தார். 'எனக்குப் பிறகு இவர்கள்தான்' என்று உலகத்துக்கு அறிவிக்கும் காசு அது. கி.மு. 2 முதல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அச்சடிக்கப்பட்டது.

ஆனால் நடந்தது வேறு. லூசியுஸ் கி.பி. 2இலும் காயுஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். தாத்தா உயிரோடு இருக்கும்போதே இரண்டு பேரன்களும் போய்விட்டார்கள். காசு சொன்ன செய்தி பொய்யாகிவிட்டது. ஆனாலும் காசு பயணம் போய்க்கொண்டே இருந்தது. கொங்கு நாட்டு மண்பானைகளுக்குள் அந்த இரண்டு பையன்களும் வாரிசுகளாகவே நின்றுகொண்டிருந்தார்கள். அதைக் கையில் வாங்கிய மிளகு வியாபாரிக்கு அவர்கள் யார், இருக்கிறார்களா இறந்தார்களா என்பதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது வகை திபேரியஸ் காசு. வாரிசுகள் இறந்ததால் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் முதல் கணவருக்குப் பிறந்த திபேரியஸ் கி.பி. 14இல் ஆட்சிக்கு வந்தார். முன்பக்கம் அவர் தலை. சுற்றிலும் 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்று பொருள்படும் எழுத்து. பின்பக்கம் செங்கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவள் லிவியா என்று பலர் சொல்கிறார்கள், அமைதித் தேவதை என்றும் சொல்வார்கள்.

இந்தக் காசு இன்னொரு வழியில் உலகப் புகழ் பெற்றது. சக்கரவர்த்திக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்டபோது, அவர் ஒரு காசை வாங்கி, 'இதில் இருப்பது யாருடைய உருவம்?' என்று திருப்பிக் கேட்டதாக பைபிளில் வருகிறது. அது இந்தத் திபேரியஸ் டினாரியஸ்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கருத்து. பழைய தமிழ் பைபிளில் சீசர் என்ற சொல்லை 'இராயன்' என்று மொழிபெயர்த்திருப்பார்கள். அந்த இராயனின் காசு பாலஸ்தீனத்தில் வரிப் பிரச்சினை ஆனது. நம்மூரில் மிளகுக்கு விலை ஆனது. ஒரே முகம், இரண்டு ஊரில் இரண்டு வேலை.

ஏன் வந்தது இவ்வளவு காசு?

சுருக்கமாகச் சொன்னால் மிளகு, முத்து, ரத்தினக்கல், மெல்லிய துணி. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்தார்கள் ரோமானியரின் ஆட்கள். தமிழில் அவர்கள் பெயர் யவனர். யவனர் கப்பல்கள் பொன் கொண்டுவந்து மிளகோடு திரும்பிப் போவதை அகநானூற்றின் 149ஆம் பாடல் பதிவு செய்திருக்கிறது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடும், இந்தப் பக்கத்துத் துறைமுகங்களுக்கு ஏராளமான காசு கொண்டுபோக வேண்டும் என்றே சொல்கிறது. கருத்து ஒன்றுதான், சொன்ன மொழிகள்தான் இரண்டு.

ரோமில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. கி.பி. 77 வாக்கில் தன் நூலை முடித்த மூத்த பிளினி, இந்தியா ஒவ்வோர் ஆண்டும் ரோமிடமிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று புலம்புகிறார். 4 செஸ்டர்ஸ் ஒரு டினாரியஸ். கணக்குப் போட்டால் ஒன்றேகால் கோடி வெள்ளிக்காசு அல்லது 5 லட்சம் தங்கக்காசு! பிளினியின் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவரை அப்படிப் புலம்ப வைத்த வியாபாரம் நடந்தது உண்மை.

சரி, துறைமுகம் இல்லாத கருக்காக்குறிச்சிக்கு ஏன் வந்தது? வரைபடத்தைப் பார்த்தால் புரியும். வடக்கே காவிரி, தென்மேற்கே மதுரை, கிழக்கே பாக் நீரிணைக் கடற்கரை. நடுவில் புதுக்கோட்டை. ஆள் நடமாட்டம் இல்லாத காடும் இல்லை. சித்தன்னவாசலில் ஏறக்குறைய கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்-பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. பொற்பனைக்கோட்டையில் சங்க காலக் கோட்டை இருந்ததை 2021இலும் 2023இலும் தொடங்கிய அகழாய்வுகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. எழுதத் தெரிந்தவர்கள், கோட்டை கட்டத் தெரிந்தவர்கள் வாழ்ந்த பகுதி இது. பணம் வந்ததில் வியப்பில்லை.

முகமா, எடையா?

இங்கே இருந்தவர்கள் அந்தக் காசுகளை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு பிளினி ஓர் அருமையான கதை வைத்திருக்கிறார். செங்கடல் வரி வசூலிக்கும் குத்தகை எடுத்திருந்த அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவரின் ஆள் ஒருவர், காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்கிறார். மன்னர் அவரை ஆறு மாதம் உபசரிக்கிறார். அவரிடமிருந்த டினாரியஸ்களை மன்னர் பார்க்கிறார். காசுகளில் வேறு வேறு முகங்கள். அதாவது வேறு வேறு ஆட்சியாளர் அடித்தவை. ஆனால் எல்லாக் காசும் ஒரே எடை! ஆட்சி மாறினாலும் எடை மாறாத இந்த நேர்மையைக் கண்டு வியந்து, மன்னர் ரோமுக்குத் தூதர்களை அனுப்பினாராம்.

பிளினி இதை ரோமின் பெருமையாகச் சொல்கிறார். ஆனால் கதையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். மன்னர் எதைப் பார்த்து வியந்தார்? முகத்தைப் பார்த்து அல்ல. எடையைப் பார்த்து. 'நான்தான் உலகத்தின் தலைவன்' என்று சொல்லும் முகங்கள் மன்னருக்கு 'இவை பல பேர் அடித்தவை' என்ற ஒரு தகவல் மட்டும்தான். மதிப்பு தராசில் இருந்தது.

இதற்கு இன்னொரு சாட்சி நீரோ. கி.பி. 64 வாக்கில் நீரோ வெள்ளிக்காசின் எடையைக் குறைத்தார். முன்பு ஒரு ராத்தல் வெள்ளியில் 84 டினாரியஸ் அடித்தார்கள், இப்போது 96. செம்பையும் கூடுதலாகக் கலந்தார்கள். தங்கக்காசில் எடை கொஞ்சம் குறைந்தாலும் தங்கத்தின் தரம் குறையவில்லை. ரோமில் இருப்பவர்களுக்குப் பழைய காசும் புதிய காசும் சட்டப்படி ஒன்றுதான். முகம் இருக்கிறதே! ஆனால் இந்தியாவில் அந்தச் சட்டம் செல்லாது. இங்கே கிடைக்கும் வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸும் திபேரியஸும்தான் கொட்டிக் கிடக்கிறார்கள். நீரோவின் குறைந்த வெள்ளி மிக அரிது. நல்ல வெள்ளி எது என்று இங்கே தெரிந்திருந்தது, அல்லது இங்கே எது செல்லும் என்று அங்கிருந்து வந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. எப்படிப் பார்த்தாலும் சக்கரவர்த்தியின் முகத்தைக் காட்டி இந்த ஊரில் ஏமாற்ற முடியவில்லை.

வெட்டியது ஏன்?

இப்போது கருக்காக்குறிச்சி வெட்டுக்கு வருவோம். ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் பல. முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், தங்கம்தானா என்று சோதித்துப் பார்க்க வெட்டினார்கள் என்பது. உள்ளே செம்பு, மேலே பூச்சு என்று போலிக்காசுகள் அந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் சோதிப்பதற்கு ஓரத்தில் ஒரு கீறல் போதும். இரண்டு பக்கமும் மாறி மாறி வெட்டு விழுந்திருக்க வேண்டும். குறி வைத்து முகத்திலேயே அடித்திருப்பது இந்தக் காரணத்தோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை.

இரண்டாவது காரணம், 'இது இனி காசாகச் செல்லாது, தங்கமாக மட்டும் செல்லும்' என்று காட்டும் அடையாளம் என்பது. இன்று செல்லாத காசோலையின் குறுக்கே கோடு போடுவதுபோல. தேய்ந்து எடை குறைந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து விலக்க இப்படிச் செய்திருக்கலாம். இது நிறையப் பேர் ஏற்கும் விளக்கம். வெட்டியதால் தங்கம் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை என்பதும் இதற்குப் பொருந்துகிறது. உலோகம் பத்திரம், உருவம் மட்டும் ரத்து.

மூன்றாவது காரணம், அயல்நாட்டு அரசனின் முகம் இங்கே அதிகாரத்தின் அடையாளமாகப் புழங்கக் கூடாது என்று வெட்டினார்கள் என்பது. சமயக் காரணம் சொல்பவர்களும் உண்டு.

நான்காவது காரணம், வெட்டிய காசு மறுபடி வெளிநாட்டு வியாபாரத்துக்குத் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கட்டும் என்று செய்தார்கள் என்பது.

ரோம அரசியல் இதில் இருக்குமா என்றால், இருக்காது. கலிகுலா, நீரோ மாதிரி வெறுக்கப்பட்ட அரசர்கள் இறந்தபின் அவர்கள் உருவங்களை ரோமானியரே சிதைத்தது உண்டு. ஆனால் இங்கே கெட்ட பெயர் வாங்கியவர், வாங்காதவர் என்ற பேதம் இல்லாமல் வெட்டு விழுந்திருக்கிறது. வெட்டியவருக்கு இவர் யார், அவர் யார் என்ற கவலை இல்லை. முகம் என்றால் வெட்டு, அவ்வளவுதான்.

இது கருக்காக்குறிச்சியில் மட்டும் நடந்ததும் இல்லை. தெலங்கானாவின் அக்கன்பள்ளியில் கிடைத்த 1500க்கும் மேற்பட்ட வெள்ளி டினாரியஸ்களிலும் நிறையக் காசுகளில் வெட்டு இருக்கிறது. ஆகவே இது ஒரு தனி மனிதரின் கோபம் என்று சொல்வதைவிட, பல ஊர்களில் தெரிந்திருந்த ஒரு வழக்கம் என்று சொல்வதே பொருத்தம்.

காரணம் எதுவானாலும் ஒரு விஷயம் எல்லாவற்றுக்கும் பொது. வெட்டியவருக்கு அந்த முகத்தின் வேலை தெரிந்திருந்தது. காசை காசாக்குவது எது, அதை வெறும் உலோகமாக்க எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்த கை அது. லத்தீன் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் 'நான் ஆள்கிறேன்' என்று முகம் சொல்வதை அது படித்துவிட்டது. பதிலையும் ஒரே அடியில் எழுதிவிட்டது.

முகத்தை விரும்பியவர்களும் உண்டு

இதை வைத்து அந்தக் காலத்து இந்தியர் எல்லோரும் ரோமானிய முகத்தை வெறுத்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நேர் எதிரான சாட்சியும் இருக்கிறது. துளை போட்டும் வளையம் வைத்தும் கழுத்தில் அணிந்த ரோமானியத் தங்கக்காசுகள் பல கிடைத்திருக்கின்றன. தக்காணப் பகுதியில் ரோமானியக் காசைப் பார்த்து மண்ணால் செய்த பதக்கங்கள்கூட உண்டு. துளைகள் பெரும்பாலும் தலைக்கு மேலே இருக்கும். தொங்கும்போது முகம் நேராகத் தெரிய வேண்டுமே! நம்மூர்க் காசுமாலைக்கு எவ்வளவு பழைய முன்னோர் பாருங்கள். அதே சக்கரவர்த்தி ஓர் ஊரில் வெட்டுப்பட்டார், இன்னோர் ஊரில் நகையானார். இரண்டிலும் அவர் சக்கரவர்த்தியாக இல்லை.

இன்னொரு படி மேலே போனவர்கள் சேரர்கள். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சில வெள்ளிக்காசுகளில் ஒரு மனிதத் தலையும் அதன் மேல் 'மாக்கோதை' என்று தமிழ்-பிராமி எழுத்தும் இருக்கின்றன. 'குட்டுவன் கோதை' என்ற பெயருள்ள காசும் உண்டு. சங்ககாலக் காசுகளைப் பற்றி நிறைய எழுதிய இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் இவற்றை வெளிக்கொண்டுவந்தார்கள். சங்க காலத் தமிழ்க் காசுகளில் யானை, மீன், புலி, வில் என்று சின்னங்கள்தான் வழக்கம். முகம் போடும் யோசனை ரோமானிய வெள்ளிக்காசைப் பார்த்து வந்தது என்பது பரவலான கருத்து. யோசனையை எடுத்துக்கொண்டார்கள், முகத்தையும் எழுத்தையும் மட்டும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். வெட்டுவது ஒரு பதில் என்றால், இது இன்னொரு பதில்.

புதுக்கோட்டையின் சொந்தக் காசு

மீண்டும் 1898க்கு வருவோம். அன்று புதுக்கோட்டையை ஆண்டவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அன்றைய புதுக்கோட்டை மக்களின் மடியில் இரண்டு விதமான காசுகள் இருந்தன. ஒன்று பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய். அதில் விக்டோரியா மகாராணியின் முகம், கிரீடத்தோடு. 1877 முதல் அந்தக் காசில் 'பேரரசி' என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. அகஸ்டஸ் தொடங்கி வைத்த வேலையை விக்டோரியா தொடர்ந்துகொண்டிருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்று சமஸ்தானத்தின் சொந்தக் காசான அம்மன் காசு. சின்னஞ்சிறிய செம்புக்காசு. ஒரு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். மறுபக்கம் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அரசர் இல்லை! திருக்கோகர்ணத்தில் குடியிருக்கும் பிரகதாம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். தொண்டைமான்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாஸ்' என்று சொல்லிக்கொண்டவர்கள். அம்பாளின் அடியவர் என்று பொருள். நாடு அவளுடையது என்றால் காசில் இருக்க வேண்டியதும் அவள்தானே? நவராத்திரி சமயத்தில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பார்கள்.

பெரிய சாம்ராஜ்யத்தின் வெள்ளிக்காசில் அரசியின் முகம். சின்ன சமஸ்தானத்தின் செம்புக்காசில் அம்மனின் உருவம். அந்தச் சமயத்தில்தான் மண்ணுக்கடியிலிருந்து 501 தங்கக்காசுகள், முகத்தில் வெட்டோடு வெளியே வருகின்றன. பக்தியும் அரசியல்தான், பிரகதாம்பாளின் பெயரில் ஆண்டதும் தொண்டைமான்தான் என்று வாதம் செய்யலாம். அது சரியான வாதமும்கூட. ஆனால் காசில் யார் முகம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே மண்ணில் எத்தனை விதமான பதில்கள் என்பதைக் கவனியுங்கள்.

மிஞ்சியது என்ன?

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. அம்மன் காசு சேகரிப்பாளர்களின் ஆல்பத்துக்குப் போய்விட்டது. கருக்காக்குறிச்சிப் புதையலின் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் கலிகுலா, நீரோ காசுகளின் படங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். வெட்டு தெளிவாகத் தெரியும். ரோமானியப் பேரரசில் அடித்து, எகிப்து வழியாகத் தமிழகம் வந்து, ஆலங்குடி மண்ணில் ஏறக்குறைய 1800 வருடம் கிடந்து, இன்னொரு சாம்ராஜ்யத்தின் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் சீசர்கள். காசு எப்போதும் அதிகாரம் இருக்கும் திசையில்தான் பயணம் போகும் போலிருக்கிறது!

கடைசியாக ஒரு கணக்கு. ஓர் ஔரியஸின் எடை ஏழரை கிராமை ஒட்டியது. அதாவது ஒரு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. சவரன் என்பதும் உண்மையில் ஒரு காசின் பெயர்தான். 'ஆட்சியாளர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். பிரிட்டிஷ் அரசர், அரசியரின் முகம் போட்ட தங்க நாணயம் அது. இன்று தமிழ்நாட்டு நகைக்கடையில் 'அஞ்சு சவரன் சங்கிலி' என்று கேட்பவர் யாருக்கும் எந்த ராணியின் ஞாபகமும் வருவதில்லை. சவரன் என்றால் 8 கிராம். அவ்வளவுதான். ஆட்சியாளர் என்ற அர்த்தமே தேய்ந்து, எடை மட்டும் நம் மொழியில் தங்கிவிட்டது.

இலங்கை மன்னர் தராசில் வைத்துப் பார்த்ததும், கருக்காக்குறிச்சிக் காசில் உளி விழுந்ததும், சவரன் என்ற சொல் எடையாக மாறியதும் வேறு வேறு காலத்தில் நடந்தவை. ஆனால் மூன்றும் சொல்வது ஒன்றையே. ஒரு முகத்தை எத்தனை கோடிக் காசில் வேண்டுமானாலும் அடித்து அனுப்பலாம். அதற்கு என்ன மரியாதை என்பதை முடிவு செய்வது அடித்தவர் அல்ல, கையில் வாங்கியவர்.